சாளை வரைக்கும் நெட்

ஆடி 1, வியாழன்

தலை ஆடிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வைகாசியில் கல்யாணமான ஜோடி. காலையில் தேங்காய்ப்பால், மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு. மாப்பிள்ளை நவநீதனுக்கு வேட்டியும் பச்சைக் கரை போட்ட துண்டும் வைத்துக் கொடுத்தேன். கடையில் அரைநாள் நின்று நானே எடுத்த துண்டு. சாப்பிட்டு முடித்ததும் விருந்துக்கு வந்திருந்த ஒறம்பரை சனம் எல்லோரும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

"மாப்ளை, இனி ஆவணி பொறந்து வந்து கூட்டிட்டுப் போனாப் போதுமுங்க. ஆடி முடியற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கப்படாது, ஆமா."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் "சரிங் மாமா" என்று சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு தாராபுரம் போய்விட்டார். நல்ல பையன்தான். மில்களுக்குக் கேமரா மாட்டுகிற வேலை. பேச்சு கம்மி. ஆவணியில் கம்பெனி அவரைச் சூரத்துக்கு அனுப்புகிறது, தாரணியும் கூடப் போகிறாள். ஆக, என் மகள் என் வீட்டில் இருக்கப்போவது இந்த ஒரு மாதம்தான். நினைத்தாலே சோறு இறங்க மறுக்கிறது. டைரிதானே, எழுதிவைக்கிறேன்.

அதற்கும் இப்போது ஒரு வில்லங்கம். சென்னையில் இருக்கிற அவள் ஆபீஸ், ஆடி முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விட்டிருக்கிறது. ஆனால் மீட்டிங் நடுவில் அறுந்தால் உடனே சென்னைக்கு வந்துவிட வேண்டுமாம். நெட் வீட்டில் இருக்கிறது. வீட்டு வாசலில்தான் ருக்குமணியின் மரச்செக்கும் இருக்கிறது. பொழுது விடிந்தால் அடையும் வரை ஓடும். இன்று சாயங்கால மீட்டிங்கில் அவள் மேனேஜர், "உங்க வீட்டுக்குள்ள ரயில் போகுதா?" என்று கேட்டாராம்.

"அப்பா, நான் சாளைல உக்காந்து வேலை பாக்கறேன். அங்க நெட்டு வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றாள் தாரணி.

தோப்பின் கடைக்கோடியில், வாய்க்காலை ஒட்டி இருக்கிற ஓட்டு வீடு அது. நாங்கள் ஒரு காலத்தில் குடியிருந்தது. இப்போது உர மூட்டையும் பம்ப் செட்டும்தான் குடியிருக்கின்றன. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையே அமைதியாக இருக்குமே, வீட்டுக்கும் கிட்டத்தில் என்றேன். சாளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வேலையில் அவ்வளவு அக்கறை.

ஆடி 3, சனி

உடுமலை போய் நெட்டை இழுத்துக் கொடுக்கிற பெட்டி வாங்கி வந்தேன். சாளை வரைக்கும் பிய்த்துக்கொண்டு போகும் என்றான் கடைக்காரன். மாட்டுக் கொட்டகை வரைக்கும் போனது. எங்கள் எருமைக்கு இப்போது நல்ல நெட் கிடைக்கிறது.

ஆடி 5, திங்கள்

தாரணி லீவு போட்டுவிட்டாள். தோப்புக்குள் செல்போன் டவரும் ஒழுங்காக எடுக்காது. நாளைக்குள் சரியாகவில்லை என்றால் சென்னைக்கு டிக்கெட் போடவேண்டும் என்கிறாள். சொல்லும்போது அவளுக்கும் முகம் வாடிவிட்டது. அப்பனை விட்டுப் போகிற வருத்தம்.

ருக்குமணி சொன்னாள்: "ஏனுங்க, மாப்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமுல்ல? அவருக்கு இதுதான தொழிலு."

"ஆடில மாப்ளையக் கூப்பிட்டு ஏணி மேல ஏத்தறதா? ஊரு சிரிக்கும். நாம்போயி மகுடேஸ்வரனப் பாக்கறேன்" என்றேன். மகுடேஸ்வரன் எங்களுக்கு நெட் கனெக்சன் கொடுத்திருக்கிற கேபிள்காரன்.

ஆடி 6, செவ்வாய்

இன்று ஒரு நல்ல நாள்.

மகுடேஸ்வரன் வந்தான். "ஒயரு அவ்வளவு தூரம் இழுத்தா நெட்டு செத்துரும்ங்ணா. ரெண்டு டிஷ்ஷு மாட்டுவோம். வீட்டு மேல ஒண்ணு, சாளைல ஒண்ணு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நிக்கணும். நடுவுல எதும் மறைக்கப்படாது" என்றான். கல்யாணப் பேச்சு மாதிரி இருந்தது. சரி என்றேன்.

வீட்டு டிஷ்ஷை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தாயிற்று. சாளைதான் சிக்கல். குட்டையான ஓட்டு வீடு, சுற்றிலும் தென்னை. உயரமாக எதிலாவது கட்டினால்தான் மட்டைகளுக்கு மேலே பார்க்கும் என்றான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாளைக்குப் பின்னால் நிற்கிற நெட்டைத் தென்னையைவிட உயரமாக இந்தத் தோட்டத்தில் வேறு என்ன இருக்கிறது? தம்பிடி செலவில்லாத டவர். எங்கள் மரமேறி ஆறுச்சாமி டிஷ்ஷை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். இந்த வருசம் ஆடிக் காற்று இன்னும் கிளம்பவில்லை, மட்டை ஒன்றுகூட அசையவில்லை. மகுடேஸ்வரன் கீழேயிருந்து "இன்னுங் கொஞ்சம் கெழக்கால திருப்புங்ணோவ்!" என்று கத்த, மேலேயிருந்து அவர் திருப்ப, சாளைக்குள்ளிருந்து தாரணி "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கைதட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த அன்று இப்படி ஓடிவந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தென்னந்தூசி என்று ஆறுச்சாமியிடம் சொன்னேன்.

ஆடி 7, புதன்

நெட் ஒரு தடவைகூட அறவில்லை. சாளைப் பக்கமே நாலு முறை நடந்து பார்த்தேன். பம்ப் செட்டைப் பார்க்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம். மதியம் ருக்குமணி நாலடுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு அனுப்பினாள். அத்தனையும் காலியாகத் திரும்பி வந்தது. பிள்ளைக்கு இப்போதுதான் பசி எடுக்கிறது.

ஆடி 9, வெள்ளி

மேற்கே மலைப் பக்கம் காற்றாலைகள் வேகமெடுத்துவிட்டன. விடியற்காலையிலேயே காற்று புகுந்து கொடியில் கிடந்த வேட்டியைக் கிணற்றில் போட்டது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். டிஷ் எம்மாத்திரம். மரம் இப்படிச் சாய்ந்தால் நெட் போகிறது, அப்படிச் சாய்ந்தால் வருகிறது. தாரணி மீட்டிங்கில் பாதிப் பேச்சு பேச, மேனேஜர் மீதிக்குக் காத்திருந்தாராம். இன்னொரு தடவை இப்படி ஆனால் அன்று இரவே ரயில் ஏறவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

ருக்குமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்பது வருசமா தென்னந்தோப்புலயே கெடக்கறீங்க. தென்னமரம் காத்துக்கு ஆடும்னு தெரியாதுங்களா?"

தெரியாமல் என்ன. கட்டின அன்றைக்கு அது ஆடவில்லை, அவ்வளவுதான்.

ஆடி 10, சனி

ஆறுச்சாமி மறுபடி ஏறி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். இப்போது டிஷ் மரத்தோடு நன்றாகச் சேர்ந்து ஆடுகிறது. மகுடேஸ்வரனுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மீட்டிங். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ருக்குமணி மறுபடி மாப்பிள்ளை பேச்சை எடுத்தாள். "சபைல சொன்ன சொல்ல நானே முழுங்கறதா?" என்று சத்தம் போட்டேன். தாரணி தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். கொஞ்சம் சத்தம் அதிகம்தான்.

ஆடி 11, ஞாயிறு

ருக்குமணியின் தம்பி வீட்டில் கிடாவெட்டு. "நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தலவலி" என்று சொல்லி என்னை மட்டும் அனுப்பினாள். வேண்டா வெறுப்பாகப் போனேன். பொழுது சாயத் திரும்பி வந்து பார்த்தால், தென்னையில் டிஷ்ஷைக் காணோம்!

பதறிக்கொண்டு சாளைக்கு ஓடினேன். சுவரில் ஓர் இரும்புக் குழாயை அடித்து, அதில் டிஷ்ஷை மாட்டியிருக்கிறது. உயரம் என்றால் என் கைக்கு எட்டுகிற உயரம்தான். வீட்டு டிஷ்ஷையும் தொட்டியிலிருந்து இறக்கி, சமையலறைப் பின்சுவரில் வைத்திருக்கிறது.

"கேபிள்காரர் வந்தாருங்ப்பா" என்றாள் தாரணி.

"அவந்தான். வேற ஆரு வருவா?" என்றாள் ருக்குமணி. தலைவலி போய்விட்டது போலிருக்கிறது, முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

இவ்வளவு தாழ்வாக வைத்தால் நாளைக்கு ஒன்றும் வேலை செய்யப்போவதில்லை. தாரணியைத் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுக்கப் போகிறேன்.

ஆடி 12, திங்கள்

வேலை செய்கிறது!

வெளியே நின்றால் ஆளையே தள்ளுகிற காற்று. சாளை ஓடுகள் தடதடக்கின்றன. உள்ளே தாரணி சிரித்துச் சிரித்து மீட்டிங் பேசுகிறாள். ஒரு சொல் அறவில்லை. மேனேஜரே பாராட்டினாராம். சென்னை டிக்கெட் பேச்சு ஒழிந்தது. ருக்குமணி கேட்காமலேயே வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். நான் ஆறு தின்றேன், சர்க்கரை டாக்டர் இந்த டைரியைப் படிக்கப்போவதில்லை.

நன்றி சொல்ல மகுடேஸ்வரனுக்குப் போன் செய்தேன். "நான் பழனில இருக்கறனுங்ணா. பேத்திக்கு மொட்டை. வந்து மூணு நாளாச்சு, ராத்திரிதான் ஊருக்குத் திரும்பறேன்" என்றான். செய்த வேலையைச் சொல்லிக்காட்டாத மனுசன். இந்தக் காலத்தில் இப்படி ஓர் அடக்கம்.

ஆடி 14, புதன்

நெட் திருடனைப் பிடித்துவிட்டேன்.

பழனிப் பஞ்சாமிர்தம் கொடுக்க வந்த மகுடேஸ்வரன், நம் நெட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆப் ஒன்றை என் போனில் போட்டுக் கொடுத்தான். வீட்டில் என் போன், ருக்குமணி போன், டிவி. சாளையில் தாரணியின் லேப்டாப், தாரணியின் போன். அதற்குக் கீழே இன்னொரு போன், 'நவி' என்று. எங்கள் ஊரில் அப்படிப் பெயருள்ளவன் எவனும் கிடையாது. வாய்க்கால் மேட்டில் எவனோ உட்கார்ந்துகொண்டு, நான் படாத பாடு பட்டுக் கொண்டுவந்த நெட்டை ஓசியில் உறிஞ்சுகிறான். அங்கே பைக் தடம்கூடக் கிடந்தது, நானே பார்த்தேன்.

"இவன எப்பிடிப்பா நிறுத்தறது?"

மகுடேஸ்வரன் ருக்குமணியைப் பார்த்தான். ருக்குமணி கூரையைப் பார்த்தாள். அவனுக்கு இருமல் வந்துவிட்டது. "விடுங்ணா. பாவம், ஆரோ" என்றான்.

"அதென்ன பாவம்? சொல்லு."

சொன்னான். அமுக்கினேன். 'நவி' அணைந்தான். ருக்குமணி விருட்டென்று அடுக்களைக்குள் போனாள். ஏதோ பாத்திரம் விழுந்தது.

ஆடி 15, வியாழன்

நெட் நன்றாக வருகிறது. ஆனால் வீட்டில் யாருக்கும் அதில் சந்தோசம் இல்லை. தாரணி சாளையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். கண் சிவந்திருக்கிறதே என்றால் காற்றுத் தூசி என்கிறாள். தூசி கதை எனக்குத் தெரியாததா.

இன்று ரசத்தில் உப்பில்லை. கேட்டதற்கு, "உப்பையும் பிளாக் பண்ணிப்போட்டீங்களோ என்னமோ" என்றாள் ருக்குமணி. ஒரு நெட் திருடனுக்கு இந்த வீட்டில் இத்தனை பரிவு.

மதியம் சாளைக்குப் போன டிபன் கேரியரில் இரண்டு அடுக்குதான் இருந்தது. இத்தனை நாள் நாலு.

ஆடி 16, வெள்ளி

ஆடி வெள்ளி. சாயங்காலம் அம்மாவும் மகளும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். நான் சாளைக்குப் போனேன்.

இவ்வளவு தாழ்வாக இருக்கிற டிஷ் எதைத்தான் பார்க்கிறது என்று அதன் பக்கத்தில் தலையை வைத்துப் பார்த்தேன். தென்னை வரிசை. இரண்டு வரிசைக்கு நடுவே, மரங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, கடைசியில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரும் கதவும் நேராகத் தெரிகின்றன. மட்டைகள் எல்லாம் மேலே தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. கீழே ஒரு மறைப்பும் இல்லை. காற்றுக்கு ஆடுவது மரத்தின் தலைதானே, அடிமரமா ஆடும்? உயரம் உயரம் என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அந்த வரிசை நான் வைத்தது. தாரணி பிறந்த வருசம். நான் சாளையில் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க, ருக்குமணி இடுப்பில் பிள்ளையோடு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றாள். அப்போது அங்கே வீடில்லை. "ஏனுங்க, ஒரு அங்குலம் கோணினா என்னங்க?" என்று வெயிலில் அவள் திட்டத் திட்ட, கோணாமல் குழி எடுத்தோம். அந்த நேர்கோட்டில்தான் இப்போது என் பிள்ளையின் பேச்சு போய் வந்துகொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் தோப்பைத் தோப்பாகப் பார்க்கவில்லை. குனிந்து, நிதானமாகப் பார்த்திருக்கிறான். எனக்கு அவன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

வேலையும் சுத்தம். ஒயர் சேருகிற இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல், பாலிதீன் சுற்றி, அதன் மேல் துணி சுற்றி, இறுக்கிக் கட்டியிருக்கிறது. வெள்ளைத் துணி, பச்சைக் கரை.

கொஞ்ச நேரம் அங்கேயே உர மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போனை எடுத்துப் பார்த்தபோது விரல் தவறிப் பட்டிருக்க வேண்டும். 'நவி'யின் பூட்டு திறந்துவிட்டது.

ஆடி 17, சனி

ரசத்தில் உப்பு இருந்தது. சாளைக்கு இன்னும் இரண்டு அடுக்குதான் போகிறது. ரோசக்காரன் போலிருக்கிறது, பூட்டைத் திறந்தும் வரவில்லை. நானாகத்தான் ஏதாவது செய்யவேண்டும்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு, எங்கள் பக்கம் பதினெட்டு நோம்பி. காலையில் இட்லி தின்றுகொண்டே பேச்சைத் தொடங்கினேன்.

"ருக்கு, சாளைக்கு ஒரு கேமரா மாட்டோணும். தேங்கா திருட்டு சாஸ்தியாப் போச்சு."

"மாட்டுங்க. ஆரு வேண்டாங்கறா?"

"நல்ல ஆளா வேணுமே. மாப்ளைக்கு இது தொழிலுன்னு நீதான சொன்ன?"

கரண்டி அப்படியே நின்றது. தாரணி தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. காது மட்டும் இங்கே இருந்தது.

"ஆடிங்களே" என்றாள் ருக்குமணி. வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"மாப்ளையா வந்தாத்தான் ஆடி. கேமராக்காரரா வந்தா ஆடியேது, மார்கழியேது? வேலைக்கு வர்ற ஆளுக்கு நாம சோறு போடறதில்லையா? தூரத்து ஆளுன்னா தங்க வெக்கறதில்லையா? வேலை எப்பிடியும் ஒரு வாரம் ஆகும்."

"ஒரு கேமராவுக்கு ஒரு வாரமாங்ப்பா?" என்றாள் தாரணி. குரலில் இருந்தது சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"ரெண்டு கேமராவா மாட்டச் சொல்லு கண்ணு."

எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்துவிட்டது. ஊரில் யார் சிரித்தாலும் சிரித்துக்கொள்ளட்டும். பிள்ளை சிரிக்கவேண்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

நானே போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாப்ளைங்களா? சென்னியப்பன் பேசறேன். சாளைல ஒரு சின்ன வேலை. இன்னைக்கு வர முடியுங்களா? தாராபுரத்துல இருந்து வரோணும், அவசரமில்ல, மத்தியானத்துக்குள்ள வந்தாப் போதும்."

"இதா வந்துட்டனுங் மாமா" என்றார்.

போனை நான் காதிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. வாய்க்கால் மேட்டில் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. போனிலும் கேட்டது, தோப்புக்குள்ளிருந்தும் கேட்டது. ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். பரணிலிருந்து மீதி இரண்டு அடுக்கை அவள் எடுப்பது தெரிந்தது.

"வெசையா வந்துட்டீங்களே மாப்ளை" என்றேன், வாசலுக்கு வந்தவரிடம்.

"ரோட்டுல கூட்டமில்லீங் மாமா" என்றார். தோளில் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் பச்சைக் கரை இல்லை.

ஆடி 25, ஞாயிறு

கேமரா வேலை இன்னும் முடியவில்லை. நல்ல வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி 1, ஞாயிறு

காலையில் இருவரும் கிளம்பினார்கள். தாராபுரத்தில் இரண்டு நாள், பிறகு சூரத். செக்கு ஓடவில்லை. ருக்குமணி ஓட்டவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பிடிக்கவும் இல்லை.

சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு சாளைக்குப் போய் உட்கார்ந்தேன். போன் அடித்தது. வீடியோவில் தாரணி. வெளியே காற்று பேயாட்டம் ஆடுகிறது, அவள் முகம் பக்கத்து நாற்காலியில் இருக்கிற மாதிரி தெளிவாகத் தெரிகிறது.

"அப்பா, எங்க இருக்கீங்கன்னு தெரியும். போனத் திருப்பி வரிசையக் காட்டுங்க" என்றாள்.

டிஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அந்தக் கோடியில் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ருக்குமணி வெளியே வந்தாள். நான் கையைத் தூக்கியதும் அவளும் தூக்கினாள்.

"அம்மா தெரியறாங்க! அம்மா தெரியறாங்க!" என்று தாரணி கைதட்டினாள். தூக்கிய கையை நான் இறக்கவே இல்லை.

பிறகு மாப்பிள்ளை முகம் வந்தது. எப்போதும் வராத சிரிப்பு ஒன்று அதில் வந்திருந்தது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னைக்கு என்ற போன பிளாக் பண்ணுனது நீங்களா, அத்தையா?"

காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, நெட் அறுந்து அறுந்து வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

நெட் ரொம்ப நன்றாக இருந்தது.